நாற்பது சிரட்டை

"நான் தேவாசீர். வயசு இருபத்திரெண்டு. போடிமெட்டுக்கு இந்தப் பக்கம் ஏலத்தோட்டத்துல இருக்கேன்."

சொன்னது முழுவதையும் போன் எழுதி முடிக்கும்வரை தேவாசீர் காத்திருந்தான். பாறையின் உச்சியில் குத்தவைத்து உட்கார்ந்து, போனைக் கஞ்சித் தட்டைப் பிடிப்பதுபோல வாய்க்குக் கீழே பிடித்திருந்தான். இந்தத் தோட்டத்தில் பாறையில் மட்டும்தான் ஒரு கோடு சிக்னல் கிடைக்கும். குரலைப் பதிவுசெய்து அனுப்பினால் அரைமணி நேரம் வட்டமடித்துவிட்டு நின்றுபோகும். எழுத்துதான் போய்ச் சேரும்.

ஊருக்கு எப்போது செய்தி அனுப்பினாலும் இப்படித்தான் பேரில் தொடங்குவான். அம்மாவிடம் போன் கிடையாது. நாசரேத்துக்குக் கிழக்கே அவர்கள் ஊரில், வீட்டுக்கு எதிரே இருக்கும் தையல்கடைப் போனுக்குத்தான் எல்லாம் போகும். கடைக்காரர் மகள் கிறிஸ்டில்டா எடுப்பாள், அல்லது துணி வாங்க வந்த யாராவது எடுப்பார்கள். எடுத்தவர்கள் தெருவைப் பார்த்து, "ஞானப்பூ, மவன் பேசியிருக்கான், வா" என்று கூப்பிட்டு வாசித்துச் சொல்வார்கள். யார் கையில் போகும் என்று தெரியாததால் பேரும் வயதும் ஊரும் முதலில் சொல்லிவிடுவது அவன் வழக்கம்.

விரலால் எழுதலாம்தான். ஆனால் முதல் ஐந்து மாதம் செடிக்கு மருந்தடித்ததில் பத்து விரல் நுனியும் தோல் உரிந்து, காய்ந்து, சுரைக்காய்க் குடுவைபோல வழுவழுவென்று ஆகிவிட்டன. போன் திரை அவன் தொடுவதைத் தொடுதலாகவே எடுத்துக்கொள்வதில்லை. ஆபீசில் கைரேகை வைக்கும் மெஷினும் அப்படியே. மூன்று தடவை துடைத்து வைத்தாலும் சிவப்பு விளக்குதான். அதனால் செய்தியை வாயால் சொல்வான். அனுப்புவதற்கு மட்டும் நடுவிரலை மடக்கி முட்டியால் ஒரு குத்து.

"அம்மா, சுடலைமணி அண்ணன் பொங்கலுக்கு ஊருக்கு வருது. அது கைல ஒரு பாட்டில் குடுத்துவிட்டுருக்கேன். என் பெட்டியில எடுத்த முத தேன். பதினெட்டாந்தேதி அறுப்பின் பண்டிகைக்கு நீயே உன் கையால கொண்டுபோய் வையி. போன வருசம் மாதிரி காய்ச்சல்னு சொல்லிட்டு வீட்ல படுத்துக்கிடாத."

முட்டியால் குத்தினான். ஒரு டிக் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டு டிக்.

விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்கு அவர்கள் ஊர்க் கிறிஸ்தவக் கோயிலில் ஒவ்வொரு வீடும் அந்த வருடம் தன் உழைப்பில் விளைந்த முதல் பலனைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் நீள மேசையில் வைக்க வேண்டும். வாழைத்தார், பனங்கிழங்குக் கட்டு, முருங்கைக்காய், சேவல், தைத்த சட்டை. ஜெபம் முடிந்ததும் முற்றத்தில் பேர் சொல்லி ஏலம் விடுவார்கள். போன வருடம் ஞானப்பூ வீட்டில் வைக்க எதுவும் இல்லை. தேவாசீர் வேலையில்லாமல் வீட்டில் இருந்தான். கோயில் மணி அடித்தபோது அம்மா வெயிலில் பாயை விரித்துப் போர்த்திப் படுத்துக்கொண்டு, கேட்டவர்களிடம் குளிர்காய்ச்சல் என்றாள். அவள் உடம்பு சுடவில்லை என்பது பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவனுக்குத் தெரியும்.

அவன் பாறையிலிருந்து இறங்கினான். கீழே ஏலச்செடிகளுக்கு நடுவில், நிழல்மரங்களின் அடியில், பச்சை வர்ணம் பூசிய தேனீப்பெட்டிகள் வரிசையாக நின்றன. மொத்தம் நாற்பது. ஆறு மாதமாக அவனுடைய பொறுப்பு.

---

மருந்தடிக்கும் கூட்டத்திலிருந்து தேனீக்கு மாறியது அவனுக்குக் கிடைத்த பெரிய காரியம். ஆடி மாதம் இருமலில் ரத்தக்கீற்று வந்தது. மேனேஜர் மோகனசுந்தரத்திடம் போய் நின்றான். மோகனசுந்தரம் போடிக்காரர், கையில் எப்போதும் ஒரு பேனா, காதுக்கு மேல் இன்னொரு பேனா. "ஈயைக் கண்டு பயப்படுவியா?" என்று கேட்டார். "இல்ல சார்." "அப்ப மூணு நாள் கிளாஸ் இருக்கு, போய்ட்டு வா. முதலாளி பெட்டி வாங்கியிருக்கார். காயும் பிடிக்கும், தேனும் வரும்."

கிளாசில் மலையாளத்தில் சொன்னார்கள். அவனுக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்ததை ஒரு பழைய பில் புத்தகத்தின் பின்பக்கம் எழுதிக்கொண்டான். மழைக்காலத்தில் பூ இருக்காது, அப்போது சீனித்தண்ணீர் காய்ச்சி ஆற்றி, தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றிப் பெட்டிக்குள் வைக்கவேண்டும். ஈ முங்கிச் சாகாமல் இருக்க மேலே இரண்டு குச்சி போடவேண்டும். பூ வந்துவிட்டால் சிரட்டையை எடுத்துவிட வேண்டும். அடையில் முக்கால்வாசிக்கு மேல் மெழுகு மூடிய பிறகுதான் தேன் எடுக்க வேண்டும்.

நாற்பது பெட்டிக்கு நாற்பது சிரட்டை. தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துப் பெண்களிடம் கேட்டு வாங்கி, மண்ணில் உரசி, உள்பக்கத்து நாரெல்லாம் கண்ணாடித்துண்டால் சுரண்டி எடுத்தான். ஐப்பசி மழையில் தினமும் சாயங்காலம் பானையைத் தூக்கிக்கொண்டு போய் ஒவ்வொன்றிலும் ஊற்றினான். ஈக்கள் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்து குடிப்பதைப் பார்த்துக்கொண்டே நிற்பான். சாயங்காலத்தில் அவனுக்காகவும் யாரோ காத்திருக்கிறார்கள் என்பதுபோல இருக்கும்.

மழை விட்டது. மார்கழியில் ஓடைப்பக்கத்து மரங்கள் பூத்தன. காலையில் பூவின் வாசனை லயம் வரைக்கும் வந்தது. அவன் ஆபீஸ் வாசலில் போய் நின்றான்.

"சார், ஓடைப்பக்கம் மரமெல்லாம் பூத்துருச்சு. சிரட்டையை எடுத்துரவா?"

"நான் எடுக்கச் சொன்னனா?"

"கிளாஸ்ல பூ வந்தா எடுத்துரணும்னு சொன்னாங்க சார்."

மோகனசுந்தரம் காதிலிருந்த பேனாவை எடுத்து மேசையில் தட்டினார். "மூணு நாள் கிளாஸ் போனவன் எனக்குக் கிளாஸ் எடுக்காத. ஒரு பெட்டி ஈ செத்தாலும் உன் தலையிலதான் விடியும். ரெட்டிப்பா ஊத்து."

அவன் இரண்டாவது தடவை கேட்கவில்லை. ரெட்டிப்பாக ஊற்றினான். ஈக்கள் ஓடைப்பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டன. வாசலில் இரண்டு மூன்று உட்கார்ந்து இறக்கையைக் கோதிக்கொண்டிருக்கும். உள்ளே அடை ஏறியது. ஒவ்வொரு வாரமும் பெட்டி கனத்துக்கொண்டே வந்தது. மூடியைத் திறக்கும்போது தன் கைக்கு அந்தக் கனம் தெரிந்தால் மனசுக்குள் ஒரு சந்தோஷம் குதித்தது. எதுவாயிருந்தாலும் ஈயின் வாயில் பட்டால் தேன்தானே என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். அப்படிச் சொல்லும்போதெல்லாம் பில் புத்தகத்தின் பின்பக்கம் ஞாபகத்துக்கு வந்தது. அதை டிரங்குப் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்துவிட்டான்.

ஜனவரி ஐந்தாம் தேதி தேன் எடுத்தார்கள்.

அவன் வலைத்தொப்பி போட்டுக்கொண்டு, தேங்காய் நாரைப் பற்றவைத்துப் புகைகாட்டி, ஒவ்வொரு பெட்டியின் மேல்தட்டிலிருந்தும் சட்டங்களைத் தூக்கினான். ஈயை மெதுவாகத் துடைப்பத்தால் தள்ளினான். அடையில் மெழுகு அங்கங்கே தேமல்போலத்தான் மூடியிருந்தது. சட்டத்தைச் சாய்த்தபோது சொட்டியது.

"சார், இன்னும் மூடலையே."

"மூடுற வரைக்கும் டூரிஸ்ட்டு காத்திருப்பானா? பொங்கல் லீவுக்கு மேட்டுல வண்டி நிறுத்த இடம் இருக்காது. போட்டுச் சுத்துடா."

தேனைச் சுழற்றி எடுக்கும் பெரிய டின்னுக்குள் சட்டத்தைச் செருகிக் கைப்பிடியைச் சுற்றினான். டின்னின் சுவரில் மழை அடிப்பதுபோலத் தெறித்தது. கீழ்க்குழாய் வழியாக வெளிர்மஞ்சளாக, நூல் பிடிக்காமல், தண்ணீர் விழும் சத்தத்தோடு விழுந்தது. மத்தியானத்துக்குள் கேன் கேனாக நிறைந்தது. வலைக்குள் புகுந்த ஈ ஒன்று இடது கண்ணிமையில் கொட்டிக் கண் பாதி மூடிக்கொண்டது.

மோகனசுந்தரம் போனை நீட்டினார். "அந்த அடையைத் தூக்கிப் பிடி. வலையை மேல ஏத்திக்க. சிரிடா."

"கண்ணு வீங்கியிருக்கு சார்."

"அதான்டா வேணும். அப்பத்தான் நெசத் தேன்னு நம்புவான்."

அவன் சிரித்தான். நெசமாகவே சிரித்தான். அன்று அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நாலு நாளில் லேபிள் அச்சாகி வந்தது. மேலே பெரிய எழுத்தில் 'மலைப்பூ தேன்'. கீழே அவன் முகம், ஒரு கண் மூடி, பல் தெரிய. மேனேஜர் அவனுக்கு இரண்டு பாட்டில் கொடுத்தார். ஒன்றை, எஸ்டேட் ஜீப் ஓட்டும் பக்கத்து ஊர்க்காரனான சுடலைமணியிடம் கொடுத்தனுப்பினான். இன்னொன்று அவனிடம் இருந்தது.

---

பாறையிலிருந்து செய்தி அனுப்பிய மறுநாள் சாயங்காலம் ஸ்டோர் வாசலில் பெண்கள் காய் மூட்டையோடு எடைக்கு வரிசையில் நின்றார்கள். தேவாசீர் பாட்டிலோடு வந்தான்.

"அடியாத்தீ, போட்டோக்காரர் வர்றார்டி," என்றாள் சிஞ்சு. கூட்டத்தில் சின்னவள் அவள்தான். "ஒத்தக்கண்ணு மாப்ளே, எங்களுக்கு ஒரு சொட்டு கெடையாதா?"

"எல்லாருக்கும்தான் கொண்டாந்தேன். கையை நீட்டுங்க."

"எங்க கை கறுத்த கை. கறை ஒட்டிக்கும், பார்த்து ஊத்து."

"தேவாசீரு கல்யாணத்துக்கு இனிமே பாயாசமே வேண்டாம்டி. ஆளுக்கொரு கை தேன்."

ஒவ்வொரு உள்ளங்கையிலும் ஊற்றினான். ஏலக்காய்க் கறையில் கறுத்த கைகளில் அது வெளுப்பாகத் தெரிந்தது. நக்கினார்கள். "நல்லா இனிக்குது," என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் கையைத் துடைத்துக்கொண்டார்கள்.

கத்தரீனாள் கடைசியில் நின்றாள். இந்த லயத்திலேயே பிறந்து, இருபத்தைந்து வருடமாகக் காய் எடுப்பவள். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒட்டிப் பார்த்தாள்.

"தம்பி, இந்த ருசி எனக்குத் தெரியும்லே."

"எப்படிக்கா?"

"கார்த்திகை மாசம் ஆறு மூட்டைச் சீனியை ரோட்டுலருந்து ஸ்டோருக்கு இந்தத் தலையிலதான் தூக்கிட்டு வந்தேன். மழை. சாக்கு நனைஞ்சு நெத்தியில வழிஞ்சு வாயிக்குள்ள போச்சு. துடைக்கவும் கை இல்ல." உள்ளங்கையை முந்தானையில் துடைத்தாள். "அதேதான்."

சிரிப்பு வெடித்தது. எடைபோடுகிறவனும் தராசைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அக்கா, ஈதானே கொண்டாந்து வெச்சுது," என்றான் தேவாசீர்.

"எங்கருந்து கொண்டாந்துச்சு? காட்டுக்கா போச்சு? நீ ஊத்துன சிரட்டைக்குத்தானே போச்சு? பாவம், அதுக்கும் உன்னை மாதிரி வெளிய போற வேலை இல்ல."

"ஏக்கா, போதும்க்கா, பிள்ளை முகம் சுருங்கிப்போச்சு," என்றாள் சிஞ்சு சிரிப்பை அடக்கியபடி.

அவனும் அவர்களோடு சேர்ந்து சிரிக்கப் பார்த்தான். வாய் மட்டும் கோணியது. பாட்டிலை மூடும்போது மூடி புரியில் ஏறவில்லை. மூன்று தடவை திருப்பினான். சுடலைமணியின் பஸ் இந்நேரம் திருநெல்வேலியைத் தாண்டியிருக்கும்.

அன்றைக்கே ஆபீசுக்குப் போனான். மோகனசுந்தரம் லேபிள் கட்டுகளை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சார், இது சீனிப்பாகுன்னு சொல்றாங்க."

"யாரு சொன்னது?"

அவன் பேர் சொல்லவில்லை. "எனக்கே தெரியும் சார். என் படத்தையாவது எடுத்துருங்க."

"ஆயிரம் அடிச்சாச்சுடா. உன் ஒரு கண்ணுக்காக ஆயிரத்தைக் கிழிக்கவா?" அவர் கோபப்படவில்லை. ஒரு லேபிளை எடுத்து அவன் முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். "தப்புன்னா யார் தப்பு? நாப்பது சிரட்டையும் யார் கையால நெறைஞ்சுது? என் கையாலயா?"

அவன் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சங்கடமா இருந்தா சொல்லு. மருந்தடிக்கிற பம்பு ரெண்டு சும்மாதான் கெடக்கு. இல்லன்னா நாளையிலருந்து மேட்டுக் கடையில நில்லு. நல்ல சட்டையாப் போட்டுக்க. வலைத்தொப்பி மறந்துராத."

---

போடிமெட்டு ரோட்டோரத்தில் நீலத் தார்ப்பாய் கட்டிய கடை. மசாலா, சாக்லேட், யூகலிப்டஸ் தைலம், நடுவில் தேன் அடுக்கு. தேவாசீர் வலைத்தொப்பியோடு அடுக்குக்குப் பக்கத்தில் நின்றான். கார்கள் நின்றன. பிள்ளைகள் அவன் வலையைத் தொட்டுப் பார்த்தார்கள். பெண்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். முதல் நாள் அவன் யாரையும் நேருக்கு நேர் பார்க்கவில்லை. வலை இருந்தது உதவியாக இருந்தது.

பொங்கலுக்கு மறுநாள் ஒரு பெரியவர் வந்தார். மலையாளி. பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சாய்த்தார்.

"மோனே, இது நல்ல தேனாணோ? மகளுக்குப் பிரசவம் கழிஞ்ஞு. குஞ்ஞின்றெ நாக்கில் தொட்டு வைக்கானா."

பிறந்த குழந்தையின் நாக்கில் வைக்க. தேவாசீருக்கு அது புரிந்தது. "எஸ்டேட்டுத் தேன் சார்," என்றான்.

பெரியவர் லேபிளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். கை நீட்டி அவன் வலையை மேலே தூக்கினார். "இது நீயல்லே?"

"நான்தான் சார்."

"அப்போ சரி." அவருக்கு முகம் மலர்ந்தது. இரண்டு பாட்டில் எடுத்துக்கொண்டார். போகும்போது அவன் தோளில் தட்டிவிட்டுப் போனார். கார் வளைவு திரும்பும்வரை அவன் பார்த்துக்கொண்டு நின்றான். கூப்பிட்டிருக்கலாம். கடைக்காரப் பையன் பக்கத்தில் இருந்தான். வளைவில் கார் ஹாரன் அடித்தது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

அப்போதுதான் பையிலிருந்த போன் அடித்துக்கொண்டது. கிறிஸ்டில்டா எழுதியிருந்தாள்.

'தேவாசீர் அண்ணா, சுடலைமணி அண்ணன் பாட்டில் கொண்டாந்து குடுத்துருச்சு. ஞானப்பூ பெரியம்மா உங்க படத்தைத் தெருவெல்லாம் காட்டியாச்சு. சபைப் போதகர் ஐயர்கிட்டயும் காட்டியாச்சு. ஐயர் ஞாயித்துக்கிழமை மேசையில நட்டநடுவுல வைக்கச் சொல்லியிருக்காங்க. பெரியம்மா அதைக் கல்யாணச் சேலையில சுத்தி வெச்சிருக்காங்க. கண்ணுல என்னன்னு கேக்காங்க. மருந்து போட்டீங்களான்னு கேக்காங்க.'

அவன் இரண்டு தடவை வாசித்தான். கடைக்காரப் பையன், "என்ன சேட்டா, வீட்ல பெண்ணு பார்த்தாச்சா?" என்று கேட்டான். தேவாசீர் வலையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான்.

---

சனிக்கிழமை கடை மூடியதும் எஸ்டேட் ஜீப்பில் தோட்டத்துக்குத் திரும்பினான். மறுநாள் ஞாயிறு கூட்டம் அதிகம், அதிகாலையிலேயே வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஜீப்பின் பின்பக்கம் உட்கார இடம் இல்லை. புதிதாக எட்டு மூட்டை ஏற்றியிருந்தது. மூட்டையின்மேல் உட்கார்ந்தான். வளைவுகளில் ஜீப் ஆடும்போது அடியில் சரசரவென்று நகர்ந்தது. என்ன மூட்டை என்று அவன் கேட்கவில்லை.

பாறைக்குக் கீழே ஜீப் நின்றது. பெண்கள் வேலை முடிந்து, அதே ஜீப்பில் போடிக்கு இறங்குவதற்காகக் காத்திருந்தார்கள். லயத்துப் பெண்களும் வழியனுப்புவதுபோல அங்கே நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். சுடலைமணிக்குப் பதிலாக வண்டி எடுத்திருந்த டிரைவர் தலையை நீட்டினான். "ஆளுக்கொண்ணு தூக்கி ஸ்டோர்ல போட்டுட்டு வந்துருங்கக்கா. மேனேஜர் சொன்னாரு. அப்புறம் ஏறிக்கலாம்."

"வேலை முடிஞ்சு கையக் கழுவியாச்சு. இது எந்தக் கணக்குல வரும்?"

"என்னைக் கேட்டா? நான் வண்டி ஓட்டுறவன்."

திட்டிக்கொண்டே சும்மாடு சுற்றினார்கள். தேவாசீரும் ஒரு மூட்டையைத் தூக்கிக் கொண்டுபோய்ப் போட்டான். திரும்பி ஓடிவந்து பாறையில் ஏறினான். வெயில் மலைக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. தையல்கடை ஏழு மணிக்கு மூடிவிடும். நாளைக் காலை எட்டரைக்கு ஆராதனை.

போனை வாய்க்கருகே பிடித்தான்.

"நான் தேவாசீர். வயசு இருபத்திரெண்டு. அம்மா, அந்தப் பாட்டில்ல எறும்பு விழுந்துட்டுன்னு நெனைக்கேன். அதை வைக்க வேண்டாம். அடுத்த வருசம்..."

நிறுத்தினான். எழுத்தைப் பார்த்தான். அம்மா பாட்டிலைத் திறந்து பார்ப்பாள். எறும்பு இருக்காது. சேலையில் சுற்றி மறுபடியும் கொண்டுபோவாள். முட்டியால் குத்திக் குத்தி ஒவ்வொரு சொல்லாக அழித்தான். நேரம் எடுத்தது.

மறுபடியும் தொடங்கினான். பேர், வயது, ஊர். எழுதியது. பிறகு குரலைத் தாழ்த்தி, உதட்டோடு, "அது தேன் இல்ல" என்றான். திரையில் ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் கிட்டே வைத்துச் சொன்னான். வரவில்லை. எழுத்து வரவேண்டிய இடத்தில் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டு நின்றது.

மூட்டை போட்டுவிட்டு வந்த பெண்கள் பாறையின் அடியில் உட்கார ஆரம்பித்திருந்தார்கள். சிஞ்சு தலைமுடியிலிருந்து சீனியை உதறினாள். டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தான்.

"அது தேன் இல்ல," என்றான் மறுபடியும், காற்றுபோல.

கீழேயிருந்து கத்தரீனாள் நிமிர்ந்து பார்த்தாள். "என்னலே, போனுக்கு ரகசியம் சொல்லுதே?"

அவன் போனைக் கொஞ்சம் தாழ்த்தினான்.

"ஊருக்கா?"

தலையை ஆட்டினான்.

"அம்மைக்கா?"

அதற்கும் ஆட்டினான். அவள் அவன் கையிலிருந்த போனைப் பார்த்தாள். பாட்டில் எங்கே போயிருக்கிறது என்பது லயம் முழுக்கத் தெரிந்த கதைதான்.

"முணுமுணுன்னு சொன்னா அதுக்கு எப்படிக் கேக்கும்? சத்தமாச் சொல்லு. எங்களுக்குத் தெரியாததா?" என்றவள் மற்றவர்களைப் பார்த்துத் திரும்பினாள். "ஏட்டி, செத்த நேரம் வாயை மூடுங்க. பிள்ளை பேசுதான்."

பேச்சு நின்றது. ஒருத்தி வெற்றிலையை மெல்லுவதைக்கூட நிறுத்திவிட்டாள். அந்த அமைதியில் ஸ்டோரில் மூட்டைகளை இழுத்து அடுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. இருபது பேர் கீழே தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அவனைப் பார்க்கவில்லை. பார்த்துச் சிரித்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

அவன் எழுந்து நின்றான். போனை நேராகப் பிடித்துக்கொண்டு, கோயிலில் வேதபாடம் வாசிக்கிறவனைப்போல ஒவ்வொரு சொல்லாக, உரக்கச் சொன்னான். சொல்லச் சொல்ல எழுத்து ஏறியது.

"நான் தேவாசீர். ஞானப்பூ மகன். வயசு இருபத்திரெண்டு. ஏலத்தோட்டத்துலருந்து பேசுதேன். இதை வாசிக்கது யாருன்னு எனக்குத் தெரியல. தெருவுல சத்தமா வாசிக்காதீங்க. எங்கம்மாவைக் கடைக்குள்ள கூப்பிட்டு, கதவைச் சாத்திட்டுச் சொல்லுங்க. அந்தப் பாட்டில்ல இருக்கது தேன் இல்ல. சீனித்தண்ணி. ஊத்துனது நான்தான். தெரிஞ்சுதான் ஊத்துனேன். அதைக் கர்த்தர் மேசையில வைக்க வேண்டாம். படத்தைக் கிழிச்சுப் போட்டுருங்க. கண்ணு வீக்கம் வடிஞ்சுட்டு, அதையும் சொல்லுங்க. அம்மா நாளைக்குக் காய்ச்சல்னு படுத்துக்கிடுவா. படுக்க விடாதீங்க. வாசிக்கது யாரா இருந்தாலும் சரி, உங்க வீட்ல ஒரு தேங்காயோ ரெண்டு முருங்கைக்காயோ இருந்தா, காலையில மணி அடிக்கதுக்கு முந்தி எங்கம்மா கையில குடுத்துருங்க. வெறுங்கையா அனுப்பாதீங்க."